ஊரே வாங்கச் சொல்கிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பல ஆண்டுகளாக பெங்களூரில் மென்பொருள் வேலை, அலுவலகம் ஒயிட்ஃபீல்டில். ராமமூர்த்தி நகரில் 32,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். மனைவியும் வேலைக்குப் போகிறாள். இருவருக்கும் சேர்த்து மாதம் 1.75 லட்சம் கைக்கு வருகிறது. மகளுக்கு 4 வயது. பி.எஃப். தவிர 35 லட்சம் சேர்த்திருக்கிறோம். கே.ஆர்.புரம் பக்கம் 1,250 சதுர அடியில் ஒரு ஃபிளாட், ஓ.சி. (குடியேறலாம் என்ற சான்று) வாங்கிய புதுக் கட்டடம், விலை 1 கோடியே 5 லட்சம். அதை வாங்கச் சொல்லி எல்லோரும் நெருக்குகிறார்கள். ஹெச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா 1994-இல் பானஸ்வாடியில் 1.2 லட்சத்துக்கு வாங்கிய சைட் இன்று 1.2 கோடி போகிறதாம். வாடகை கொடுப்பவன் ஏமாளி என்று விசேஷ வீட்டில் எல்லோர் முன்னும் சொல்கிறார். பணம் போதாவிட்டால் நகையை வைக்கலாம் என்கிறார் மாமனார். நான் எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். வாடகையிலேயே இருந்து, வீடு வாங்கினால் ஆகும் மாதச் செலவோடு ஒப்பிட மிச்சமாகும் 37,000 ரூபாயை எஸ்.ஐ.பி.யில் (மியூச்சுவல் ஃபண்ட் மாதத் தவணை) போட்டால், ஆண்டுக்கு 14 சதவீத வருமானத்தில் 20 ஆண்டில் 4.8 கோடி வருகிறது. இப்போதைக்கு மாதம் 12,000 போட்டு வருகிறேன். நான் சொந்தமாக யோசிக்கிறேனா, வீம்பு பிடிக்கிறேனா? மனைவிக்கும் சொந்த வீட்டு ஆசை உண்டு.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஃபிளாட்டை இந்த ஆண்டு வாங்காதீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. உங்கள் எக்ஸெலில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. சித்தப்பாவின் கணக்கிலும் இருக்கின்றன.

"வாடகை வீண் காசு" என்பது உங்கள் சித்தப்பா தலைமுறை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்ட பேச்சு. "வாடகையில் இரு, மிச்சத்தை முதலீடு செய்" என்பது உங்கள் வயதுக்காரர்கள் யூடியூபிலிருந்தும் அலுவலக கேன்டீனிலிருந்தும் வாங்கிக்கொண்ட பேச்சு. சித்தப்பாவின் கூட்டத்தை விட்டு இன்னொரு கூட்டத்தில் போய் நின்றிருக்கிறீர்கள். எதிலுமே உங்கள் வீட்டு எண்கள் இன்னும் உள்ளே வரவில்லை. உங்கள் எக்ஸெலில் இருக்கும் 14 சதவீத வருமானம் எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பா பக்கத்தை முதலில் பார்ப்போம். 31 ஆண்டில் 100 மடங்கு என்றால் கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 16 சதவீதம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வாங்கியது மண். 30-க்கு 40 சைட் என்றால் 1,200 சதுர அடியும் அவருடையது. நீங்கள் வாங்கப்போவது ஒரு கட்டடத்தின் பகுதி. கர்நாடகத்தில் ஃபிளாட் கிரையப் பத்திரத்தில் மூன்று அட்டவணை இருக்கும்: ஏ அட்டவணையில் மொத்த நிலம், பி-யில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு, சி-யில் ஃபிளாட். அந்த பி அட்டவணையைப் படியுங்கள். 1,250 சதுர அடி ஃபிளாட்டுக்கு 400, 450 சதுர அடி மண் இருந்தாலே கொஞ்சம் தாராளம். உயரமான அடுக்குமாடியில் அதைவிடக் குறையும். விலை ஏறுவது மண்ணுக்கு. மேலே நிற்கும் கான்கிரீட்டும் லிஃப்டும் குழாயும் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டிருக்கும். அந்த 16 சதவீதத்தை ஃபிளாட்டுக்கு எடுத்து ஒட்டக் கூடாது.

எதை ஒட்டுவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே சுற்றுவட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு மேல் பழகிய அடுக்குமாடி ஒன்றைப் பிடியுங்கள். அங்கே ஃபிளாட் வாங்கி விற்ற ஒருவரிடம் இரண்டு விலையையும் கேளுங்கள். புரோக்கர் வேண்டாம், அங்கே குடியிருப்பவரிடமே கேளுங்கள். உதாரணத்துக்கு 60 லட்சத்துக்கு வாங்கியது 11 ஆண்டில் 1 கோடியே 5 லட்சம் ஆனது என்றால் கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 5.2 சதவீதம்.

இன்னொன்று. சைட் வாங்கிக் கோடி பார்த்தவர்கள் விசேஷ வீட்டில் பேசுவார்கள். அதே காலத்தில் ரெவின்யூ சைட் (முறையான அனுமதியில்லாமல் விவசாய நிலத்தைப் பிரித்து விற்ற மனை) வாங்கி, அக்ரம–சக்ரம திட்டத்தில் முறைப்படுத்திவிடலாம் என்று காத்திருந்து, 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்ததும் அப்படியே மாட்டிக்கொண்டவர்கள் பந்தியில் வாய் திறப்பதில்லை. நம் காதுக்கு வருவது ஜெயித்தவர் கணக்கு மட்டுமே.

சித்தப்பாவின் வேலையும் வேறு மாதிரி. பொதுத்துறையில் ஓய்வு வரைக்கும் ஒரே வளாகம், ஒரே பஸ் ரூட். உங்கள் அலுவலகம் இன்று ஒயிட்ஃபீல்டு; அடுத்த கம்பெனி எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்தால் கே.ஆர்.புரத்திலிருந்து சில்க் போர்டு தாண்டிப் போய் வரவேண்டும். மெட்ரோவின் பர்ப்பிள் லைன் 2023-இல் ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடத் தொடங்கியது, பொம்மசந்திரா போகும் யெல்லோ லைன் 2025 ஆகஸ்டில் வந்தது. உண்மைதான். ஆனால் கே.ஆர்.புரத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போக இவை இரண்டும் சுற்றுவழி. வாடகை வீட்டை மாற்றிக்கொள்ளலாம், கடன் வீட்டை அப்படி முடியாது.

வரி மிச்சமாகும் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

இனி உங்கள் எக்ஸெல். அதில் மூன்று எண்கள் தவறு.

வாடகை 20 ஆண்டும் 32,000 என்றே போட்டிருந்தால், அது முதல் தவறு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் 5 சதவீதம் ஏறுவது இங்கே சாதாரணம். அந்த வேகத்தில் இருபதாவது ஆண்டின் முடிவில் உங்கள் வாடகை ஏறக்குறைய 85,000. இ.எம்.ஐ. அந்த மாதிரி ஏறாது. வட்டி விகிதம் மாறினால்தான் மாறும். தவிர, நீங்கள் ஒப்பிட வேண்டியது இப்போது இருக்கும் பழைய வீட்டின் வாடகையை அல்ல. அந்த வளாகத்திலேயே அதே அளவு ஃபிளாட் என்ன வாடகைக்குப் போகிறது என்று காவலாளியிடம் கேட்டாலே தெரியும். 38,000 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, அந்த 14 சதவீதம். பங்குச்சந்தை நல்ல ஆண்டுகளில் அதற்கு மேலும் தரும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்குக் கீழேயும் போனது. இருபது ஆண்டுத் திட்டத்துக்கு 10 சதவீதம் போட்டுப் பாருங்கள். உங்கள் 4.8 கோடி 2.8 கோடியாகிறது.

மூன்றாவதுதான் உண்மையான ஓட்டை. எக்ஸெலில் 37,000. வங்கிக் கணக்கில் 12,000. அந்த 12,000-ஐ 10 சதவீதத்தில் 20 ஆண்டு ஓட்டினால் கிடைப்பது 91 லட்சம். 4.8 கோடிக்கும் 91 லட்சத்துக்கும் இடையில் இருப்பது, மாதா மாதம் எங்கே போகிறது என்று நீங்களே எழுதாத 25,000 ரூபாயும், யாரோ சொன்ன ஒரு சதவீதமும்.

சித்தப்பா சொல்வதில் உள்ள நல்ல விஷயம் இங்கேதான் இருக்கிறது. அதை அவரே சொல்வதில்லை. வீட்டுக்கடன் ஒரு கட்டாயச் சேமிப்பு. மாதம் பிறந்தால் வங்கி எடுத்துக்கொள்ளும். ஓணத்துக்கு ஊர் சுற்றப் போகிறோம், இந்த மாதம் விட்டுவிடு என்று சொல்ல முடியாது. அதோடு வீட்டின் விலையை யாரும் செல்போனில் தினமும் காட்டுவதில்லை. அதனால் பயந்து பாதி வழியில் விற்பவர்கள் குறைவு. எஸ்.ஐ.பி.யை நிறுத்த ஒரு விரல் போதும். பழைய வழக்கம் ஒன்றைத் தள்ளும் முன், அது எந்தக் குறையை மறைமுகமாக அடைத்துக்கொண்டிருந்தது என்று பார்ப்பது நல்லது. உங்களிடம் அந்தக் குறை இருக்கிறது. அதை வேறு வழியில் அடைத்தால் மட்டுமே அந்த வழக்கத்தைத் தள்ள உங்களுக்கு உரிமை.

இப்போது இரண்டு பக்கமும் போடாத கணக்கைப் போடுவோம். 75 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் இ.எம்.ஐ. 62,733 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 50,000 வட்டி, 12,733-தான் அசல். ஐந்து ஆண்டில் 37.6 லட்சம் கட்டிய பிறகும் பாக்கி 65.6 லட்சம் நிற்கும். "இ.எம்.ஐ. முழுக்க நம் சொத்தாகிறது" என்பவர்களிடம் இந்த வரியைக் காட்டுங்கள்.

வீடு வாங்கினால் முதல் ஆண்டில் திரும்பி வராத செலவு மாதத்துக்கு எவ்வளவு? வட்டி 50,000. பராமரிப்பு, சதுர அடிக்கு நாலரை ரூபாய் என்றால், சுமார் 5,600. சொத்து வரி மாதம் 1,000 என்று வையுங்கள். கையிலிருந்து போடவேண்டிய 46 லட்சம் (அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) வைப்பு நிதியில் 6 சதவீதம் ஈட்டியிருக்கும். அந்த இழப்பு 23,000. மொத்தம் 79,600. அதே ஃபிளாட்டின் வாடகை 38,000-ஐக் கழித்தால் 41,600. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம். இது 1.05 கோடியில் 4.75 சதவீதம். அதாவது ஃபிளாட் விலை ஆண்டுக்கு 4.75 சதவீதம் ஏறினால் முதல் ஆண்டில் வாங்குவதும் வாடகையும் சமம். உங்கள் இப்போதைய 32,000-ஐ வைத்தால் 5.4 சதவீதம் ஏற வேண்டும். போகப் போக வாடகை ஏறும், வட்டி இறங்கும். அதனால் இந்த எண்ணும் இறங்கும். பழைய அடுக்குமாடியில் விசாரித்த சதவீதத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். இந்த இரண்டு எண்ணும் உங்கள் கையால் விசாரித்தவை. சொந்த யோசனை என்று இதைத்தான் சொல்வேன். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பணம் தீர்ப்புச் சொல்லாது. அப்போது மகளின் பள்ளி, ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவது, ஓனர் காலி செய்யச் சொல்லும் தொல்லை ஆகியவையே தீர்மானிக்கட்டும்.

அந்தத் தொல்லைக்கும் விலை உண்டு. ஒரு தடவை வீடு மாற்ற புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்டிங் என்று ஓனர் பிடிக்கும் ஒரு மாதம், வண்டிக்கும் ஆளுக்கும் 20,000, ஏ.சி. கழற்றி மாட்டுவது, திரைச்சீலை என்று 15,000. ஒரு லட்சம் போய்விடும். இதைக் குறைக்க 11 மாத ஒப்பந்தத்தை விட்டுவிட்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். குறிப்பிட்ட காலம் வரை இரு தரப்பும் முறிக்க முடியாது என்ற ஷரத்தையும் சேருங்கள். சில ஓனர்கள் ஒப்ப மாட்டார்கள். இரண்டாம் வீடாக முதலீட்டுக்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒப்புவார்கள்.

சரி, இந்த ஃபிளாட் இந்த ஆண்டு ஏன் வேண்டாம்? கையிருப்பு போதாது. கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் விலையில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தர ரிசர்வ் வங்கி விதி இடம் தராது. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்தக் கணக்கில் சேராது. எனவே 75 லட்சம் கடன் என்றால் 30 லட்சம் உங்கள் கையிலிருந்து. கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத்தீர்வை 5 சதவீதம். செஸ், சர்சார்ஜ் சேர்த்து 5.6. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில் 1 சதவீதத்திலிருந்து 2 ஆனது. மொத்தம் 7.6 சதவீதம், 8 லட்சம். பல பேர் இன்னமும் பழைய 6.6-ஐ வைத்தே கணக்குப் போட்டுக் கடைசி வாரத்தில் ஒரு லட்சம் தேடி ஓடுகிறார்கள். மாடுலர் கிச்சன், அலமாரி, விளக்கு, கிரில் என்று இன்னொரு 8 லட்சம். ஆக 46 லட்சம். உங்களிடம் 35.

மீதி 11 லட்சத்துக்குத்தான் மாமனார் நகையைச் சொல்கிறார். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டில் முடிக்க வேண்டிய கடன். 62,733 கட்டிக்கொண்டே ஓராண்டில் 11 லட்சம் சேர்க்க உங்களால் முடியாது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைப்பீர்கள். இதற்குமேல் வேலை போனால் தாங்க ஆறு மாதச் செலவு தனியாக வேண்டும்: இ.எம்.ஐ., பராமரிப்பு, வரி, வீட்டுச் செலவு 45,000 சேர்த்து ஏறத்தாழ 7 லட்சம். மென்பொருள் துறையில் இருந்துகொண்டு இந்த 7 லட்சத்தை வீட்டில் போடுவது துணிச்சல் ஆகாது.

35-இல் 7-ஐ ஒதுக்கினால் 28 லட்சம். உள்வேலையை 5 லட்சத்தில் அடக்கினால் 23. விலையில் 20 சதவீதம் முன்பணமும் 7.6 சதவீதம் பதிவும் இதற்குள் வரவேண்டும் என்றால் உங்கள் உச்சவரம்பு 83 லட்சம். கடன் 66.5 லட்சம், இ.எம்.ஐ. 55,600 பக்கம். வங்கி உங்கள் தகுதி இதைவிட அதிகம் என்று சொல்லும். அது வங்கியின் தகுதிக் கணக்கு.

நாளை முதல் ஒத்திகை ஒன்று செய்யுங்கள். வாங்கியிருந்தால் போகும் தொகைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 37,300 ரூபாய். சம்பளம் வந்த மறுநாளே அது தானாக வேறொரு வங்கியின் ஆர்.டி.க்குப் போகும்படி உத்தரவு கொடுங்கள். ஓடும் 12,000 எஸ்.ஐ.பி.யை இந்த ஆறு மாதமும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஒத்திகை உண்மையாகாது. ஆறு மாதத்துக்குள் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் ஒன்று கட்டாயம் வரட்டும். கிரெடிட் கார்டு பாக்கி ஏறாமல் 2.24 லட்சம் சேர்ந்தால் உங்களுக்கு வீடும் சாத்தியம், வாடகை–முதலீட்டு வழியும் சாத்தியம். மூன்றாம் மாதமே ஆர்.டி.யை உடைத்தால் இரண்டும் சாத்தியமில்லை. சித்தப்பாவிடமும் யூடியூபிடமும் கேட்க எதுவும் இருக்காது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் சித்தப்பாவுக்கு இரண்டு வரி, மாமனாருக்கு ஒரு வரி, கடனில் பாதியைக் கட்டப்போகும் மனைவிக்கு முடிவில் ஒரு வரி. அவர் ஆசைப்படுவது வீட்டுக்கா, ஓனர் போன் வராத வாழ்க்கைக்கா என்பது உங்களுக்குத் தெரியுமா? 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், கோடுகளின் நீளத்தைக் கண்ணால் பார்த்தபோதும், கூட இருந்தவர்கள் ஒரே மாதிரித் தப்பாகச் சொன்னதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போயின. சரியாகச் சொல்லும் ஒரே ஒருவர் உள்ளே இருந்தால் அந்தப் பிடி வெகுவாகத் தளர்ந்தது. ஆகவே பேசுவதற்கு முன்பே இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: மாதம் எவ்வளவு வரை கட்ட மனம் ஒப்பும், எதற்குப் பயம், எது மாறினால் என் முடிவும் மாறும். எழுதி முடித்த பிறகே தாளை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பேசுபவர் மற்றவரின் எண்ணை இழுத்துவிடுவார். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

சித்தப்பாவிடம் சதவீதத்தை எடுத்து வாதாடாதீர்கள். கேளுங்கள்: "அப்ப உங்க சம்பளத்துல எத்தனை பங்கு போச்சு சித்தப்பா? எத்தனை வருஷத்துல அடைச்சீங்க? சைட்டுக்கு ரோடும் தண்ணியும் எப்ப வந்துச்சு?" அந்தப் பதில்களில் உங்களுக்கு வேண்டிய விவரம் இருக்கும். பிறகு, "83 லட்சத்துக்குள்ள நல்லதா வந்தா பாக்குறேன், நீங்களும் தேடுங்க" என்று சொல்லுங்கள். வேலை கொடுத்தால் அறிவுரை குறையும்.

அவரால் உங்களுக்கு நிஜமாகவே ஆகவேண்டிய காரியமும் உண்டு. இத்தனை காலம் இங்கேயே இருந்தவருக்குக் கன்னடம் படிக்கத் தெரிந்திருக்கும். பழைய தாய்ப்பத்திரங்கள் பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். வீடு அமைந்தால் வக்கீலிடம் போகும் முன் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்றில் உள்ள பெயர்கள் தாய்ப்பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, மாநகராட்சிச் சொத்துப் பதிவான கத்தா முறையான ஏ-கத்தாவா, குறையுள்ள பி-கத்தாவா, அதன் கணினி வடிவமான இ-கத்தாவில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒன்றா, ஓ.சி.யில் அனுமதித்த மாடிகளும் கட்டியிருக்கும் மாடிகளும் எண்ணிக்கையில் சரியா. காவிரி இணைப்பு உண்டா, டேங்கர்தானா என்பதைப் பத்திரத்தில் தேடாதீர்கள். பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2024 மார்ச்சில் அந்த வளாகத்தில் தண்ணீருக்குத் தனியாக எவ்வளவு வசூலித்தார்கள் என்று சங்கத்தின் பழைய ரசீதைக் கேளுங்கள். அந்த ஆண்டு இன்னும் யாரும் குடிவராத புதுக் கட்டடம் என்றால் பக்கத்து அடுக்குமாடியில் கேளுங்கள்.